ஒன்பது ஜிபி

அந்தப் பென்டிரைவை அங்கேயே வையுங்கள், ஃபெலிக்ஸ். கையில் பிடித்துக்கொண்டே இருந்தால் என்னை அவசரப்படுத்துகிற மாதிரி இருக்கிறது. கவரையும் பக்கத்திலேயே வையுங்கள். பிலோமினா கொடுத்து அனுப்பியதுதானே, இண்டென்ட் சீட்டாகத்தான் இருக்கும். அப்புறம் பார்ப்போம். ஓசூரிலிருந்து கூரியரில் உங்கள் வீட்டுக்கா வந்தது? பரவாயில்லை. புருஷன் வீட்டு விலாசம் அவளுக்கு மறந்திருக்காது. உங்கள் வீடு கோயிலுக்குப் பக்கம், கூரியர்காரனுக்குச் சுலபம்.

உட்காருங்கள். கிரில் கேட்டைப் பூட்டிவிட்டேனே என்று திரும்பித் திரும்பிப் பார்க்காதீர்கள். பூட்டாவிட்டால் மாடு உள்ளே வந்து குரோட்டன்ஸைத் தின்கிறது. சாவி என்னிடம்தான் இருக்கிறது.

லூர்தம்மாள் டீச்சர் பாட்டு. தெரியும். ஞாயிற்றுக்கிழமை, டீச்சர் இறந்த முப்பதாம் நாள் பூசை. இன்று செவ்வாய். அதற்குள் பாடகர் குழு பழக வேண்டும். டீச்சர் தானாகக் கட்டிய இரண்டாம் குரல், எந்த நோட்டிலும் எழுதி வைக்கவில்லை, டிசம்பரில் பிலோமினா போனில் பதிவு செய்தது ஒன்றுதான் மிச்சம். எல்லாம் தெரியும். பிலோமினாவும் போனில் சொன்னாள். அவளுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். பாட்டு எங்கும் போய்விடவில்லை, சர்வரில் இருக்கிறது. எடுப்பதில்தான் சிக்கல். அது உங்களுக்குப் புரிய வேண்டுமானால் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

நான் முப்பத்திரண்டு வருஷம் ரயில்வே ஸ்டோர்ஸில் இருந்தவன். பொன்மலையில் வேலை செய்த யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், ஸ்டோர்கீப்பர் இருதயராஜ் என்றால் தெரியும். பதினான்காயிரம் வகைச் சாமான். ஒவ்வொன்றுக்கும் ஒரு தடுப்பு, தடுப்புக்கு ஒரு அட்டை. கண்ணைக் கட்டிவிட்டாலும் கேட்டதை எடுத்துக் கொடுப்பேன்.

போன ஆகஸ்டில் என் மருமகன் ஜெரால்டு ஒரு பழைய கம்ப்யூட்டரையும் புது ஹார்ட் டிஸ்க் ஒன்றையும் கொண்டுவந்து வைத்தான். நான்கு டிபி, அதாவது நாலாயிரம் ஜிபி. “மாமா, இத வீட்டு சர்வரா வெச்சுக்கங்க. எல்லார் போட்டோவும் அத்தையோட பாட்டும் இதுல போட்டுட்டா போன் நிரம்பாது. ஓசூர்ல இருந்து நாங்களும் பாத்துக்கலாம். உங்களுக்கும் பொழுது போகும்” என்றான். ஒரு மணி நேரத்தில் முடித்துக் கொடுத்துவிட்டு ராத்திரி பஸ் ஏறுவதாக இருந்தான். முழு டிஸ்க்கும் ஒரே பார்ட்டிஷன், ஆளுக்கொரு ஃபோல்டர், அவ்வளவுதானாம். நான் தடுத்துவிட்டேன்.

ஃபோல்டர் போதாதா என்று நீங்களும் கேட்பீர்கள். ஃபோல்டருக்குச் சுவர் கிடையாது, ஃபெலிக்ஸ். ஒருவர் நிரப்பினால் எல்லோருக்கும் இடம் போகும். பார்ட்டிஷன் என்றால் டிஸ்க்கையே அறை அறையாகத் தடுத்துவிடுவது. எங்கள் ஸ்டோர்ஸில் அரை இன்ச் போல்ட் இருக்கிற தடுப்பில் முக்கால் இன்ச் போல்ட் ஒன்று கிடந்தது என்றால் அன்றைக்கு எவனும் வீட்டுக்குப் போக மாட்டான்.

கிராஃப் தாள் வாங்கி வந்து வரைய ஆரம்பித்தேன். ஆகஸ்ட் முழுக்க வரைந்தேன். பிலோமினா வெங்காயம் உரித்துக்கொண்டே எட்டிப் பார்ப்பாள்.

“என்னங்க இது, மாடி எடுக்கப் போறமா?”

“இது டிஸ்க் பிளான்.”

“சமையக்கட்டு எங்க வருது?”

அவளுக்கு எல்லாமே விளையாட்டு. ஒன்பது வருஷம் பாடகர் குழுவை நடத்தியவள், ஆனால் ஒரு ஒத்திகைப் பதிவுக்குக்கூடத் தேதி போட்டுப் பெயர் வைத்தது கிடையாது. எல்லாம் ‘புதுசு’, ‘புதுசு ஒன்று’, ‘புதுசு நல்லது’. நான்தான் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் கேட்டுப் பெயர் மாற்றினேன்.

பங்கு போட்டது எப்படி என்று கேளுங்கள், அதில்தான் எல்லோரும் என்னைத் தப்பாக நினைக்கிறார்கள். எனக்கு ஒன்றரை டிபி. மகள் ரீத்தாவுக்கு ஐந்நூறு ஜிபி. மருமகனுக்கு முந்நூறு. ரீத்தா அப்போது மூன்று மாதம், அந்தப் பிள்ளைக்கு ஒரு இருநூறு. ரிசர்வ் ஒரு டிபிக்கு மேல். பிலோமினாவுக்கு ஒன்பது.

சிரிக்காதீர்கள். ஒன்பது என்றால் மனம்போன போக்கில் போட்டதல்ல. அவளிடம் இருந்தது ஏழரை ஜிபி. ஒன்பது வருஷத்துச் சேர்மானம். அதன்மேல் இருபது சதவீதம் கூட்டினால் ஒன்பது. ஸ்டோர்ஸில் இதுதான் முறை, முந்தைய நுகர்வு, அதன்மேல் இருபது. மற்றவர்கள் யாரும் எதையும் சேர்த்து வைத்திருக்கவில்லை. நுகர்வு தெரியாத சாமானுக்குத் தாராளமாகத்தான் இடம் விட வேண்டும். அவள் ஒருத்திதான் அளவு தெரிந்தவள். அளந்து கொடுத்தேன்.

“பொறக்காத புள்ளைக்கு எரநூறு, எனக்கு ஒம்போதா?” என்றாள்.

“ஒன்னோடதுக்கு அளவு தெரியும் பிலோமி.”

“கல்லறையிலயும் இப்படித்தான் அளந்து குடுப்பீங்களா? காலை மடக்கிக்கிறேன், போதும்.”

அவள் பேச்சு அப்படித்தான். மனதில் எதையும் வைத்துக்கொள்ள மாட்டாள்.

காபி ஆறுகிறது. சர்க்கரை போதுமா? எனக்குப் பழக்கம் விட்டுப்போய்விட்டது, ஒருவருக்கு மட்டுமே போட்டுப் போட்டு.

அறை தடுத்தால் போதாது, உள்ளே தட்டு அடிக்க வேண்டும். அதற்குப் பெயர் ஃபைல் சிஸ்டம். அதில் பல வகை. நான் எக்ஸ்எஃப்எஸ் என்று ஒன்றை எடுத்தேன். நாலைந்து வாரம் படித்துத்தான் எடுத்தேன். அதற்கு ஒரு குணம், பெரிதாக்கலாம், சிறிதாக்க முடியாது. பலரும் அதைக் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதுதான் பிடித்திருந்தது. ஒருவருக்கு அளந்து கொடுத்ததை நாளைக்கு யாரும் பிடுங்க முடியாது அல்லவா?

பிலோமினாவின் அறை நடுவில் அமைந்தது. முன்னால் என்னுடையது, பின்னால் ரிசர்வ். பார்ட்டிஷன் வரிசையாகத்தான் உட்காரும், பெரிதாக வேண்டுமானால் பக்கத்து அறை விட்டுக்கொடுக்க வேண்டும். அவளுக்கு இரண்டு பக்கமும் சுருங்காத சுவர். அவள் எந்தப் பக்கமும் நகர முடியாது. அது எனக்கு அப்போது தெரியவில்லை என்று சொல்ல மாட்டேன். நகர வேண்டிய தேவை வரும் என்று தெரியவில்லை.

ரிசர்வில் என்ன இருக்கிறதா? ஒன்றும் இல்லை. ரிசர்வ் என்றால் ஒன்றும் இருக்காது. அப்படியானால் அதை அழித்துவிட்டு அந்த இடத்தை அவளுக்குக் கொடுக்கலாமே என்கிறீர்கள். ஜெரால்டும் அதைத்தான் சொன்னான். ஐந்து நிமிட வேலையாம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாம் ஐந்து நிமிடம். ரிசர்வைத் தொட்டுவிட்டு, நாளைக்கு ஒரு ஆபத்து என்றால் எங்கே போவீர்கள்? முப்பத்திரண்டு வருஷத்தில் நான் ஒரு தடவைகூட ரிசர்வைத் தொட்டதில்லை. அப்படியே ஒப்படைத்துவிட்டு வந்தேன்.

என்னுடைய ஒன்றரை டிபியிலா? டிரான்ஸ்ஃபர் ஆர்டர், சம்பளச் சீட்டு, பென்ஷன் காகிதங்கள், எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணிப் போட்டிருக்கிறேன். முந்நூறு எம்பி வரும். இனிமேல்தானே சேரும்.

செப்டம்பர் கடைசியில் எல்லாம் ஓட ஆரம்பித்தது. அந்தச் சின்ன அறையில்தான் பெட்டி இருக்கிறது, சத்தம் கேட்கிறதே, அதுதான். அங்கேதான் பிலோமினாவின் ஆர்மோனியம் இருந்தது. பரணில் ஏற்றிவிட்டேன். பெட்டிக்குக் காற்று வேண்டும்.

ஒழுங்கு ஒன்று வைத்தேன். சனிக்கிழமை தோறும் அவள் போனிலிருந்து பதிவுகளை நான் சர்வருக்கு மாற்றுவேன். நோட்டில் டிக் அடிப்பேன். “உள்ள போயாச்சு, போன்ல அழிச்சுக்கோ” என்பேன். அவள் அழிப்பாள். திரும்ப ஏதாவது வேண்டுமென்றால் இண்டென்ட். ஒரு சீட்டில் என்ன பொருள், எத்தனை, என்ன காரணம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். சொந்த வீட்டிலா என்கிறீர்கள். சொந்த வீடு என்பதால்தான். வெளியாள் என்றால் பயத்தில் ஒழுங்காக இருப்பான்.

அந்தச் சீட்டில் குறிப்பு என்று கடைசியில் ஒரு பத்தி உண்டு. அது ஏன் என்றால், ஒருவர் ஐம்பது கேட்கிறார், கையில் இருப்பது முப்பது. ஸ்டோர்கீப்பர் தானாக முப்பதைத் தூக்கிக் கொடுத்துவிடக் கூடாது. குறைத்துக் கொடுத்தால் மீதி எங்கே என்று விசாரணை வரும். கேட்பவரே அந்தப் பத்தியில் ‘இருப்பு உள்ளவரை போதும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்போதுதான் கொடுக்கிறவன் பிழைப்பான். இதை நான் பிலோமினாவுக்கு விளக்கிச் சொன்ன மறுநாள் மீன் குழம்பு. இன்னொரு துண்டு கேட்டேன். சட்டியைக் கவிழ்த்துக் காட்டி, “குறிப்புல எழுதிக் குடுங்க, இருப்பு உள்ளவரை போதும்னு” என்றாள். ரீத்தாவுக்குப் போன் பண்ணியும் சொல்லிச் சிரித்தாள்.

சீட்டுகளை அவள் ஒழுங்காக நிரப்பியதே இல்லை. காரணம் என்ற இடத்தில் ‘சும்மா’ என்று எழுதுவாள். எண் போட மாட்டாள். ‘பழைய பாட்டு, எதாவது’ என்று ஒரு சீட்டு. திருப்பிக் கொடுத்தேன். அப்புறம் கேட்பதைக் குறைத்துக்கொண்டாள். ஒழுங்கு வந்துவிட்டது என்று நினைத்தேன்.

டிசம்பர். சொல்கிறேன், இருங்கள். உங்கள் பென்டிரைவ் எந்த ஃபைல் சிஸ்டம்? பார்த்தீர்களா, தெரியாது. கடையில் வாங்கி அப்படியே கொண்டுவந்துவிட்டீர்கள். அதையெல்லாம் பார்க்காமல் இதில் செருகுவது எப்படி?

சரி. டிசம்பர் இருபத்து மூன்று. கோயிலில் ஒத்திகை. கீபோர்டில் நீங்கள்தான் இருந்தீர்கள், உங்களுக்கே தெரியும். டீச்சர் அன்றைக்குத்தான் அந்த இரண்டாம் குரலைப் பாடிக் காட்டினாராம். பிலோமினா வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “ஏங்க, டீச்சர் இன்னிக்கு எங்கயோ போயிட்டாங்க. எல்லாரும் பாட்டை நிறுத்திட்டு அவங்களையே பாத்துட்டு இருந்தோம். கேளுங்க, கேளுங்க” என்று போனை நீட்டினாள். அன்று சனிக்கிழமை இல்லை. ஆனாலும் போன் நிரம்பிவிட்டது, மறுநாள் கிறிஸ்துமஸ் பூசையைப் பதிவு செய்ய இடம் வேண்டும் என்றாள். அவளுக்காகத்தான் முறையை மீறி அன்றைக்கே மாற்றினேன். மாற்றக் கொடுத்துவிட்டு டிக் அடித்தேன். ஸ்டோர்ஸில் அப்படித்தான், லாரி கேட்டுக்குள் வந்ததும் முத்திரை, எண்ணிப் பார்ப்பது மாதக் கடைசியில். “உள்ள போயாச்சு” என்றேன். அழித்தாள்.

மாதக் கடைசியில் சரிபார்த்தேன்.

ஒன்பது ஜிபி நிரம்பிவிட்டிருந்தது. இடமில்லை என்று திரையில் வந்திருக்கிறது, நான் அதற்குள் எழுந்து சாப்பிடப் போய்விட்டேன்.

பாட்டு இருக்கிறது, ஃபெலிக்ஸ். நான் பொய் சொல்லவில்லை. இரண்டு நிமிடம் பதினோரு விநாடி இருக்கிறது. மொத்தம் எவ்வளவு? ஐந்து நிமிடமா? ஐந்தே முக்காலா? உங்களுக்குத்தான் தெரியும். நான் கேட்டது அந்த இரண்டு நிமிடம்தான். டீச்சர் இரண்டு அடி பாடுகிறார். மூன்றாவது எடுக்கிறார். நடுவில் பிலோமினாவின் குரல், “டீச்சர், கொஞ்சம்” என்கிறது. அதோடு நிற்கிறது. கொஞ்சம் என்ன, மெதுவாகவா, சத்தமாகவா, தெரியவில்லை. தினமும் காலையில் ஒரு தடவை போட்டுப் பார்க்கிறேன். டிஸ்க் பழுதாகாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் இல்லையா.

பிலோமினாவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? முதலில் சரிசெய்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். அவள் போனில் அழிந்ததை மீட்க முடியுமா என்று பார்த்தேன். அதன்மேல் கிறிஸ்துமஸ் பூசை ஏறிவிட்டது. பிறகு இந்த மாதிரி இன்னொரு தடவை நடக்காமல் இருக்கத் திட்டத்தை மாற்ற வரைந்தேன். ஐந்தாவது பிளான், ஆறாவது பிளான். அதோ அந்தக் கட்டு முழுக்க அதுதான். பதினொன்று இருக்கிறது. எதை எடுத்தாலும் ஒரே இடத்தில் வந்து முட்டுகிறது. எல்லாவற்றையும் வெளியே எடுத்து, டிஸ்க்கை வழித்துத் துடைத்துவிட்டு, மறுபடி போட வேண்டும். எடுத்து எங்கே வைப்பது? ரிசர்வைத் தொட முடியாது. தொட்டால் அப்புறம் அதற்குப் பெயர் ரிசர்வே இல்லை.

ஜனவரியில் ஒருநாள் நான் சந்தைக்குப் போய்விட்டு வந்தபோது, சர்வரில் பாட்டைப் போட்டுக் கேட்கிற ஹெட்போன் மேஜைமேல் கிடந்தது. கொக்கியில் மாட்டி வைத்துவிட்டுத்தான் போனேன். தூசி துடைத்திருப்பாள் என்று நினைத்தேன். அன்றைக்கு அவள் ரொம்பப் பேசவில்லை. பனி, தொண்டை கட்டியிருக்கும்.

அந்த வாரமே ஓசூருக்குக் கிளம்பிவிட்டாள். பிரசவம் பிப்ரவரி கடைசியில்தான். டாக்டர் துணைக்கு ஆள் வேண்டும் என்றாராம். நான்தான் பஸ் ஏற்றிவிட்டேன். பெட்டி கனமாக இருந்தது. “எதுக்கு இத்தன?” என்றேன். “அங்க குளிருங்க” என்றாள். பேரன் பிறந்தான், இப்போது மூன்று மாதம் முடிந்துவிட்டது. குழந்தை அவளை விடுவதில்லையாம். ரீத்தாவும் லீவ் முடிந்து வேலைக்குப் போய்விட்டாள். என்ன செய்வது, பெண்களுக்கு வேலை முடிவதில்லை.

டீச்சர் அடக்கத்துக்கு வந்தாளே, நீங்கள் பார்த்திருப்பீர்கள். காலையில் வந்தாள், சாயங்காலம் திரும்பிவிட்டாள். கல்லறையிலிருந்து நேராக பஸ் ஸ்டாண்டு. நான் மீன் வாங்கி வைத்திருந்தேன். குழந்தை தேடும் என்றாள்.

அதற்கு மறுநாள்தான் போனில் பாட்டைக் கேட்டாள். “டீச்சர் பாட்டை ஃபெலிக்ஸ்கிட்ட குடுத்துடுங்க.” சர்வரில்தான் இருக்கிறது, எடுப்பதில்தான் சிக்கல் என்றேன். அதோடு நிற்காமல் வாயில் வந்தது, “இண்டென்ட் இல்லாம எப்படிக் குடுக்கறது?” சொன்ன பிறகுதான், இது என்ன பேச்சு என்று எனக்கே பட்டது. அவள் சிரிப்பாள் என்று பார்த்தேன். ஏதாவது சொல்வாள், கல்லறை, மீன் குழம்பு, ஏதாவது. குழந்தை அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. “சரி” என்று வைத்துவிட்டாள். பிறகு நான்கு தடவை கூப்பிட்டேன். ரீத்தாதான் எடுத்தாள். “அம்மா தூங்குறாங்கப்பா.” “அம்மா குளிக்கிறாங்கப்பா.”

என்ன சொன்னீர்கள்? இரண்டு அடி போதுமா? இரண்டாம் குரல் எல்லா அடிக்கும் ஒன்றுதானா? ஒரு அடி முழுசாக இருந்தாலே மற்றதை நீங்கள் போட்டுக்கொள்வீர்களா?

அது எனக்குத் தெரியாது. நான் பாட்டுக்காரன் இல்லை.

ஆனால் ஃபெலிக்ஸ், நீங்கள் இதை எடுத்துக்கொண்டு போய்ப் போடுகிறீர்கள். குழு முழுக்கக் கேட்கிறது. “கொஞ்சம்” என்று அவள் குரல் வருகிறது, நிற்கிறது. மீதி எங்கே என்று ஒருவராவது கேட்க மாட்டார்களா? அது ஓசூருக்குப் போகாதா? அவள் என்ன நினைப்பாள்? இப்போது அவள் கணக்கில் பாட்டு முழுசாக இருக்கிறது. சர்வர் சரியானதும் வந்து கேட்கலாம் என்று இருப்பாள். நான் குறைத்துக் கொடுத்தால், அதோடு முடிந்தது. அவளுக்கு இந்த வீட்டில் எடுக்க வேண்டியது வேறு என்ன இருக்கிறது?

ஆர்மோனியமா? அது பரணில் இருக்கிறது.

கவரைத் திறக்கத்தான் சொல்கிறீர்கள். திறக்கலாம். எப்படியும் ‘சும்மா’ என்றுதான் எழுதியிருப்பாள். எண் இருக்காது. திருப்பி அனுப்ப வேண்டியதுதான், சட்டப்படி. கத்தரிக்கோல் வேண்டாம், இப்படியே கிழிக்கிறேன்.

அட, என் ஃபாரமே. நோட்டிலிருந்து ஒரு வெற்றுச் சீட்டைக் கிழித்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். ஜனவரியிலேயே எடுத்திருக்க வேண்டும், அடக்கத்துக்கு வந்தபோது வீட்டுப் பக்கமே வரவில்லை. மடிப்பில் தேய்ந்திருக்கிறது பாருங்கள்.

தேதி போட்டிருக்கிறாள். எண் நாற்பத்தேழு. சரிதான், கடைசியாகக் கொடுத்தது நாற்பத்தாறு. பொருள், லூர்தம்மாள் டீச்சர் பாட்டு. அளவு, ஒன்று. காரணம், முப்பதாம் நாள் பூசை.

குறிப்பு.

நீங்களே படியுங்கள். என் கண்ணாடி அந்த அறையில் இருக்கிறது.

ஆமாம். ‘இருப்பு உள்ளவரை போதும்.’ கீழே கையெழுத்து. ப. பிலோமினா.

ஒரு பத்தியும் விடாமல் நிரப்பியிருக்கிறாள். இத்தனை நாளில் இதுதான் முதல் தடவை.

இல்லை, ஃபேனை நிறுத்த வேண்டாம். இந்தச் சீட்டை மேஜைமேல் இந்த ஹெட்போனுக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன், பறக்காது.

அந்தப் பென்டிரைவை இப்படித் தள்ளுங்கள்.